வயிற்றுக்குள் ஒரு வாச்சு

சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லைனில் யாருக்காவது வயிறு போனால், “வாச்சு வந்துட்டான்” என்பார்கள். கல்யாணப் பந்தியில் ஒருவர் பாயசத்தை மறுபடி கேட்டால், “பாத்து, காலைல வாச்சு வரப்போறான்” என்று பக்கத்து இலைக்காரர் சிரிப்பார். மாரிகுப்பத்தில் எங்கள் லைனைத் தாண்டி, சுரங்கப் பகுதியின் மறுகோடியில் இருக்கும் பாலகாட் வரைக்கும் அந்தப் பேச்சு போயிருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டவன் நான். ஒரு மனிதரைப் பழிவாங்கத்தான் கிளப்பினேன். நன்றாகவே வாங்கினேன்.

அந்த மனிதர் தங்கச் சுரங்கத்தில் காவல் ஆளாக இருந்தவர். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, தங்கத்தை ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று உடம்பைத் தடவிப் பார்க்கும் வேலை. அந்த வேலைக்காரர்களுக்கு எங்கள் ஊரில் வாச்சு என்று பெயர். கையைத் தூக்கு, வாயைத் திற, டவுசரை உதறு, போ. இவ்வளவுதான் அவர் சர்வீஸ் முழுக்கப் பேசிய பேச்சு. ரிட்டையர் ஆனதும் வீட்டு வாசலில் ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நேர் எதிரில் லைனுக்கே பொதுவான கக்கூஸ் வரிசை. டப்பாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிற ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார். கேட் போய்விட்டது, கண் போகவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தரைக்கடியில் பாறையில் மெஷின் பிடித்துத் துளை போடுகிறவர். அவருக்கு முன்னால் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கும் அதே இருட்டுதான். நான் கெமிஸ்ட்ரி படித்து முடித்ததும், அரைத்த கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் மில் அறையில் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. அங்கே உலை இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு இருந்தது, எனக்கென்று ஒரு மேசை இருந்தது. அம்மாவின் காதில் மேசை மட்டும்தான் விழுந்தது. “எம் புள்ள மேசை போட்டு உக்காந்து வேலை செய்றான்” என்று குழாயடியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். சுரங்கத்தில் புதிதாக ஆள் எடுப்பது ஏறக்குறைய நின்றுபோயிருந்த காலம் அது. வேலையை நிரந்தரமாக்க மேலிடத்துக்கு எழுதியிருப்பதாக அதிகாரி சொல்லியிருந்தார். நாங்கள் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தோம்.

அந்த வருஷம்தான் எனக்கு வயிறு கெட்டது.

முதலில் சளி மாதிரி போயிற்று. பிறகு ரத்தம். அவசரம் என்றால், பாதி வாக்கியத்தில் எழுந்து ஓட வேண்டிய அவசரம். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டர் அமீபா என்று மாத்திரை கொடுத்தார். வாயெல்லாம் இரும்பை நக்கியதுபோல் கசந்ததுதான் மிச்சம். நின்ற மாதிரி இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும். சட்டைக் காலருக்குள் கழுத்து மணியின் நாக்கு மாதிரி ஆடியது. லைனில் எல்லாரும் காலையில் ஒருமுறை போய்விட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நான் திரும்பத் திரும்ப டப்பாவோடு அந்த நாற்காலியைத் தாண்டிப் போனேன்.

“இன்னா தம்பி, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சிதா?” என்பார் அவர். அடுத்த முறை, “செகண்ட் ஷிஃப்டும் நீதானா?” சாயங்காலம் போனால், “ஓவர்டைம் எதனா குடுக்கறாங்களா?” வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பேன். சிரித்தால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் கேலியை விட்டுவிட்டார். அதன் பிறகுதான் விஷயம் கெட்டது.

எங்கள் ஊரில் ‘முழுங்கி’ என்று ஒரு சொல் உண்டு. தங்கம் ஒட்டிய கல் துணுக்கை விழுங்கிக் கேட்டைத் தாண்டி, வீட்டுக்கு வந்து வெளியே எடுக்கிறவன் முழுங்கி. அப்படிப்பட்டவர்களைப் பிடித்து விளக்கெண்ணெய் கொடுத்து உட்காரவைத்த கதைகளை வாச்சுகள் பெருமையாகச் சொல்வார்கள். இவர் டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

“மில்லுல வேலை. ஒடம்பு எளைச்சிகினே போவுது. எந்நேரமும் கக்கூஸ்லயே கீறான். ரத்தம் வேற போவுதாம். கல்லு கொடல கீறாம ரத்தம் எப்டிபா வரும்? கேட்டுல எத்தினி முழுங்கிய பாத்தவன் நானு.”

வேறு எந்த ஊரிலும் ஒருவனுக்கு ரத்தபேதி என்றால் இப்படி யோசிக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. ஊர்க்காரனாக நானே கேட்டிருந்தால் எனக்கும் சரியாகப் பட்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வரிசை நீளமாக இருந்தது. எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி அப்பாவும் தண்ணீர் டப்பாவோடு நின்றிருந்தார். நான் உள்ளே போய்விட்டு, எழுந்து, டப்பாவைச் சாய்க்கப் போகும்போது கதவு தள்ளப்பட்டது. அந்தக் கதவின் கொண்டி உடைந்து ரொம்ப நாளாகியிருந்தது.

“தண்ணி ஊத்தாதே. நான் பாக்கணும்.”

அது கேட்டில் பேசிய குரல். அப்பாவும் தாத்தாவும் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற குரல். என் கை அப்படியே நின்றுவிட்டது. நான் படித்த படிப்பு அந்தக் குரலுக்கு முன்னால் எங்கே போயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் குனிந்து பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பி, “வந்து பாருங்க. ரத்தம். கல்லு கீறிகீது” என்றார். இரண்டு மூன்று பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். மற்றவர்கள் என் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். அவர் கையில் டப்பா நிறையத் தண்ணீர் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவைச் சாத்தினார்.

“முழுங்கினியாடா?”

“இல்ல.”

“சத்தியமா?”

கோபமாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் வயிறு முறுக்கியது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு, அதே நாற்காலியைத் தாண்டி ஓடினேன்.

பேச்சு மில்லுக்கும் போய்ச் சேர்ந்தது. அதிகாரி கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. “உன்மேல ஒண்ணும் இல்லேன்னு தெரியற வரைக்கும் அந்த ரூமுக்குள்ள போகவேணாம்பா” என்று மெதுவாகச் சொல்லி, வெளியே கல் மூட்டைகளுக்கு அடையாள அட்டை கட்டும் இடத்துக்கு அனுப்பினார். என் மேசையில் வேறொருவன் டிபன் பாக்ஸை வைத்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்த நாட்களில் நான் நினைத்ததையெல்லாம் எழுதக் கூடாது. அவர் நாற்காலியின் காலை அறுத்துவைக்கலாமா என்று நினைத்தேன். அவர் டப்பாத் தண்ணீரில் மிளகாய்த்தூளைக் கலக்கலாமா என்று நினைத்தேன். சோதனை அறை அலமாரியில் வரிசையாக இருந்த அமில பாட்டில்கள்கூட நினைவுக்கு வந்தன. மூட்டைக்கு மூட்டை சணலை இறுக்கிக் கட்டும்போதெல்லாம் ஒரு கழுத்து எனக்குத் தெரிந்தது. ஆனால் எதைச் செய்தாலும் ‘முழுங்கிக்கு வந்த ஆத்திரத்தப் பாரு’ என்பார்கள். அவர் மேல் விழும் அடி என் பெயரையும் கழுவ வேண்டும். அந்த மாதிரி அடி எனக்குக் கிடைக்கவில்லை.

அதை பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள்.

மாரிகுப்பத்திலிருந்து காலை ரயிலில், கக்கூஸ் கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து போனேன். பெரிய ஆஸ்பத்திரி. பின்பக்கமாக ஒரு குழாயை விட்டுக் குடலைப் பார்த்தார்கள். அந்த அவமானம் எனக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அங்கே பார்த்தவர்கள் குறைந்தபட்சம் அனுமதி கேட்டார்கள். பார்த்து முடித்த டாக்டர் கன்னடக்காரர், இளவயது. “எஷ்டு தின ஆய்து?” என்று, எத்தனை நாளாக இருக்கிறது எனக் கன்னடத்தில் ஆரம்பித்து, நான் தடுமாறியதும் தமிழுக்கு மாறினார்.

“இது அமீபா இல்ல. பெருங்குடல் உள்சுவர் முழுக்கப் புண்ணா இருக்கு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு பேரு.”

“எதனா முழுங்கினா இப்டி வருமா சார்?”

“என்ன முழுங்கினா?”

“கல்லு மாதிரி.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “கல்லெல்லாம் இல்ல. இது ஒங்க ஒடம்பே பண்றது.”

பிறகு அவர் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் மனதில் ஏற்றிக்கொண்டேன். எல்லார் குடலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. நமக்குச் செரிக்காத நாரை அவை தின்கின்றன, வெளியிலிருந்து வரும் கெட்ட கிருமிகளுக்கு இடம் விடாமல் அடைத்துக்கொண்டிருக்கின்றன. உடம்பில் நோயை எதிர்க்கும் செல்கள் பெருவாரியாகக் காவல் நிற்பதும் அந்தக் குடலைச் சுற்றித்தான். சாதாரணமாக அந்தக் காவலுக்குக் குடியிருப்பவர்களின் முகம் தெரியும், கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். என் மாதிரி ஆட்களுக்கு அந்த அடையாளம் தப்பிவிடுகிறது. யாரும் ஒன்றும் செய்யாதபோதே காவல் எழுந்து அடிக்கிறது. அடி விழுவது குடல் சுவரில். அதனால்தான் ரத்தம்.

“அந்த பாக்டீரியா தப்பு எதுவும் பண்ணலியா சார்?”

“ஒண்ணும் பண்ணல. அதுங்க பாட்டுக்கு இருக்கு.”

“அப்புறம் ஏன் அடிக்குது?”

“அதான் சரியா தெரியல. பரம்பரைல ஏதோ இருக்கலாம், குடல் சுவர்ல ஏதோ ஓட்டை இருக்கலாம். இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“வாச்சு சார்” என்றேன்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல சார். எங்கூர்ல ஒருத்தர்.”

மாத்திரை எழுதிக் கொடுத்தார். காவலைக் கொஞ்சம் அடக்கிவைக்க ஸ்டீராய்டு. கூடவே காவி நிறத்தில் பெரிய மாத்திரை ஒன்று. அதைப் பற்றி அவர் சொன்னது எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. அந்த மாத்திரை வயிற்றில் கரைந்து வேலை செய்வதில்லையாம். பெருங்குடல் வரைக்கும் அப்படியே போய், அங்கே இருக்கும் அதே பாக்டீரியாக்கள் அதை இரண்டாக உடைத்தால்தான் உள்ளே இருக்கும் மருந்து வெளியே வருமாம். திருட்டுப் பட்டம் சுமந்து அடி வாங்குகிறவன்தான் மருந்தையும் உடைத்துக் கொடுக்கிறான். ரயிலில் திரும்பி வரும்போது பங்காருப்பேட்டை வரைக்கும் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் விடும் நேரம், லைனே அங்கேதான் நிற்கும். நாற்காலிக்கும் குழாய்க்கும் பேச்சுக் கேட்கும் தூரம்தான். எங்கள் லைனில் இட்லிக்கடை போட்டிருந்த அக்கா ஒருத்தி உண்டு. அவள் காதில் ஒன்று விழுந்தால் மதியத்துக்குள் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் இருக்கும். அவள் பக்கத்தில் குடத்தை வைத்தேன்.

“இன்னாடா சொன்னாரு பெங்களூரு டாக்டரு?”

“குடலுக்குள்ள ஒரு வாச்சு கீறான்க்கா.”

“இன்னாது?”

“நம்ம வயித்துல பொறந்ததுல இருந்து சின்னச் சின்ன கிருமிங்க குடித்தனம் பண்ணிகினு கீது. நல்ல ஜனங்க. அதுங்களால நமக்கு ஒத்தாசைதான். அதுங்களுக்குக் காவலுன்னு ஒருத்தன் கீறான். திருடன் வந்தா புடிக்கணும், அதான் அவன் டூட்டி. என் வயித்துல அவனுக்கு மூள கொயம்பிப்போச்சி. குடித்தனக்காரனையே திருடன் திருடன்னு போட்டு அடிக்கிறான். அவன் அடிச்ச அடியில வர்ற ரத்தத்தையே காட்டி, பாத்தியா பாத்தியா திருடன்னு கத்தறான்.”

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி நாற்காலியைப் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“அடப்பாவி,” என்றாள், லைன் முழுக்கக் கேட்கும்படி. “வெளிய ஒருத்தன் நாற்காலி போட்டுகினு உக்காந்துகீறான்னு பாத்தா, உள்ளயும் ஒருத்தனா?”

அவ்வளவுதான். குழாயடி குலுங்கியது. அவர் நாற்காலியைவிட்டு எழுந்து, “டேய், யார்ரா அது, இன்னாடா பேசறீங்க?” என்றார். ஒருத்தர் டப்பாவோடு ஓடிக்கொண்டே, “வயி வுடுங்க, வயி வுடுங்க, வாச்சு வந்துட்டான்!” என்றார்.

அந்த வாரத்திலேயே அது நிலைத்துவிட்டது. பேதி என்று யாரும் சொல்லவில்லை. “ராத்திரி வாச்சு புடிச்சிகினான்.” “பழைய கறி சாப்ட்டேன், வாச்சு கேட்டத் தொறந்துட்டான்.” காவி மாத்திரையால் எனக்குச் சிறுநீர் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் போயிற்று. அதையும் நானே சொல்லிவிட்டேன். அக்கா, “வாச்சண்ணே, எங்க போய்ட்ட? பையனுக்கு ஒண்ணுக்கே தங்கமா போவுது, வந்து சோதனை போடு!” என்று கூப்பிட்டாள். முன்பு என்னைக் கொன்ற சொல் இப்போது வெறும் சிரிப்பு. ‘முழுங்கி’ லைனைவிட்டே காணாமல் போயிற்று. கொஞ்ச நாளில் நாற்காலியும் வீட்டுக்குள் போயிற்று.

அவர் மனைவி ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். “தெருவுல தலை காட்ட முடியல கண்ணு. நீ சொன்னா நிறுத்திடுவாங்க.”

“அத்தே, நான் ஒங்க வூட்டுக்காரரச் சொல்லல. என் வியாதியத்தான் சொல்றேன்,” என்றேன். அம்மா காபி போட உள்ளே போனாள். வந்தவர் காபிக்கு நிற்கவில்லை.

பெங்களூர் டாக்டரின் சான்றிதழைக் காட்டியதும் அதிகாரி என்னை மேசைக்குத் திருப்பி அனுப்பினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “ஒடம்பப் பாத்துக்கோப்பா” என்றார். மேசையில் டிபன் பாக்ஸ் வைத்த வட்டம் அப்படியே இருந்தது. நிரந்தரம் என்கிற அந்த ஒரு வார்த்தை வருவதற்குள் சுரங்கத்தையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அது 2001. என் மேசை ஊரோடு சேர்ந்து போயிற்று. அதற்காக நான் தனியாக யாரையும் வெறுக்கத் தேவையிருக்கவில்லை. என் வெறுப்பு முழுவதும் ஒரே வீட்டுக்கு மிச்சமிருந்தது.

மூடிய பிறகு வந்த மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. லைனில் பாதிப் பேருக்கு வயிறு போயிற்று. இது என் நோய் இல்லை. உண்மையாகவே வெளியிலிருந்து வந்த கிருமி. உள்ளே இருக்கும் காவல் எழுந்து அடிக்க வேண்டிய நியாயமான திருடன். நான் வெந்நீரைத் தவிர வேறெதுவும் தொடவில்லை. மாத்திரையால் காவல் பாதித் தூக்கத்தில் இருக்கிற வயிறு என்னுடையது.

ஒரு காலையில் வரிசையில் நின்றிருந்தேன். அவர் வந்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு, டப்பா கையில் ஆட, ஓட்டமும் நடையுமாக. யாரோ பின்னாலிருந்து, “வாச்சுக்கே வாச்சு வந்துட்டான்டோய்!” என்றார்கள். அவர் யாரையும் பார்க்காமல் முதல் கதவுக்குள் போனார். கொண்டி இன்னும் உடைந்தே கிடந்த கதவு.

நான் வரிசையைவிட்டு வெளியே வந்தேன். உள்ளே அவர் எழுந்திருக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பிறகு கதவைத் தள்ளினேன்.

“தண்ணி ஊத்தாதீங்க. நான் பாக்கணும்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. டப்பாவைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினார். கேட்டில் நிற்பவர்கள் தூக்குவது மாதிரி. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தச் சொல்லுக்கு அவர் உடம்புக்குத் தெரிந்தது அதுதான். சிரித்துக்கொண்டிருந்த வரிசை இன்னும் பலமாகச் சிரித்தது. எத்தனையோ நாளாக நான் காத்திருந்த நிமிஷம் இதுதான். அதை நிதானமாக அனுபவித்தேன். “முழுங்கினீங்களா மாமா?” என்று கேட்டுக்கொண்டே குனிந்தேன்.

என் தோளை ஒரு கை ஒதுக்கியது. அப்பா. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்திருக்கிறார். நான் பார்ப்பதற்குள், தன் டப்பாவில் இருந்த தண்ணீர் முழுவதையும் அந்தக் குழியில் ஊற்றினார்.

“நீ போ அண்ணே,” என்றார் அவரிடம்.

அவர் கையை இறக்கிக்கொண்டு போனார். நான் அப்பாவின் பின்னாலேயே வீடுவரைக்கும் போனேன். வாசற்படியில் நிறுத்தினேன்.

“இன்னிக்கி அவருக்கு ஊத்தின. அன்னிக்கி ஒன் கையில தண்ணி இல்லையா? டப்பா ரொம்பத்தானே வெச்சிருந்த. ஏன் எனக்கு ஊத்தல?”

அப்பா காலி டப்பாவைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டை உதறினார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

“அன்னிக்கி எனக்கும் பாக்கணும்னு இருந்திச்சிடா.”